பச்சைக் கோடும் பன்னிரண்டு தாளும்

சமையலறைக் காலண்டரில் மூன்று மாதமாக வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்த சனிக்கிழமை ஒருவழியாக வந்தே விட்டது.

இந்த வீட்டுக் கதையோடு ஆரம்பத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் காலை வைக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. வீட்டுக்கார அம்மா பத்தொன்பது வருஷமாகப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறாள். ஈரத்துணி மூட்டையைத் தூக்கித் தூக்கி இடது தோள் இப்போது தலைவாரக்கூட ஏற மாட்டேன் என்கிறது. அதே ஆஸ்பத்திரியில் கருவி அறை என்று ஒன்று உண்டு. ஆபரேஷனுக்குப் போய்வந்த கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாம் அங்கே சுத்தமாகி, எந்த ஆபரேஷனுக்கு எது என்று தட்டுத் தட்டாகப் பிரிந்து திரும்பப் போகும். அந்த அறைக்கு, ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே வேலை பார்க்கிறவர்களிலிருந்தே ஒரே ஒரு ஆளை எடுக்கிறார்கள். போட்டிக்கு ஒன்பது பேர். வயது வரம்பு அவளுக்கு இந்த வருஷத்தோடு சரி. இதை விட்டால் மூட்டைதான்.

தேர்வு என்றால் எழுதுவது இல்லை. அறுபது கருவியைக் கலந்து மேஜையில் கொட்டி வைப்பார்கள். வயிறு, எலும்பு, கண், தொண்டை என்று நான்கு தட்டு. இருபது நிமிஷத்தில் பிரித்து அடுக்க வேண்டும். மூன்று தப்பு வரை மன்னிப்பு உண்டு, நாலாவது தப்புக்கு வீட்டுக்குப் போகலாம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் அவள். பேர்களை வரிசையாக எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னால், காலையில் ஏறியது மத்தியானம் இறங்கிவிடும். ஒரு நாள் வெறுத்துப்போய்க் கலர் பென்சில் பெட்டியைக் கையில் எடுத்தாள். நீண்ட மூக்கு இடுக்கி கொக்கு ஆனது. பல் வைத்தது முதலை ஆனது. இரண்டு கையையும் விரித்துப் பிடிக்கிறது நண்டு. வயிற்றுக்குச் சிவப்பு, எலும்புக்குப் பச்சை, கண்ணுக்கு நீலம், தொண்டைக்கு மஞ்சள். ஆஸ்பத்திரித் தட்டில் ஒட்டியிருக்கிற பட்டியின் கலரும் அதுதான். தேர்வன்று மட்டும் பட்டியைப் பிய்த்துவிடுவார்கள்.

படத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்தது புருஷன். தச்சர். பட்டறையில் அவருக்கு மில்லி மாஸ்டர் என்று பேர். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பலகையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிற மனுஷன் என்பதால் வந்த பேர். தெரியாத ஆட்கள் வேறு ஏதோ மில்லி என்று நினைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள், அது தனிக் கதை.

அன்று காலை ஐந்தரைக்கே அவள் கிளம்பிவிட்டாள். பத்தரை வரை சலவை, பதினொன்றுக்குத் தேர்வு. செருப்பை மாட்டும்போதும் வாய் ஓயவில்லை.

"கொக்கு தொண்டைக்கு, குட்டைக் கொக்கு கண்ணுக்கு."

"ஏம்மா, அந்த டீயைக் குடிச்சிட்டுப் போ," என்றார் மாஸ்டர்.

"வேண்டாங்க. குடிச்சா இறங்கிடும்."

"என்ன இறங்கிடும்?"

"படிச்சதுதான்."

தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். இவர் லீவு கேட்டபோது பட்டறையில் ஒரே சிரிப்பு. பொண்டாட்டிக்குப் பரீட்சைன்னா புருஷனுக்கு எதுக்கய்யா லீவு என்றார்கள். பரீட்சை எனக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. தன் வீட்டுக்காரி இந்த வயதில் படிக்கிறாள் என்பதை ஆணி வாங்கப் போன கடையில்கூடச் சொல்லியாகிவிட்டது.

வீட்டில் இன்னொரு ஜீவன் உண்டு. பிசியோதெரபி இரண்டாம் வருஷம் படிக்கிற மகள். அம்மாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஒரு காலத்தில் பிரம்பு எடுக்காத குறையாக நின்றதால் அப்பா வைத்த பேர் வாத்தியாரம்மா. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஹாஸ்டலிலிருந்து திடுதிப்பென்று வந்து நின்றாள். லீவாம். வந்த அன்றைக்குச் சமையலறைச் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சின்னப் புள்ளைங்க மாதிரி," என்றாள். புத்தகப் பை கட்டிலுக்கு அடியில் போனது. இன்று வரை ஜிப்பைத் திறக்கவில்லை. இதைப் பெற்றவர்கள் இருவரும் கவனித்தார்கள், கேட்கவில்லை.

ஒன்பதேகாலுக்குப் படுக்கையறையிலிருந்து வாத்தியாரம்மாவின் குரல் வந்தது.

"அப்பா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

இஸ்திரிப் பெட்டி எடுக்க அலமாரியைத் திறந்தவள், கதவின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பன்னிரண்டு தாள் ஒட்டியிருந்தது. அம்மா துணி மாற்றும்போது பார்ப்பதற்கென்று ஒட்டிய தாள்கள்.

"இது பன்னிரண்டும் எந்தத் தட்டு?"

"எலும்புத் தட்டு. பாத்தா தெரியலையா? உளி, சுத்தியல், அரம், ரம்பம். என் பெட்டியைக் கழுவித் துடைச்சு வெச்ச மாதிரி இல்ல? அதனாலதான் இந்தத் தட்டை நானே முழுசாப் பண்றேன்னு எடுத்துக்கிட்டேன். அம்மாவுக்குக் காய்ச்சல் அடிச்சுதே, அந்த மூணு சாயங்காலம்."

"கலரும் நீங்களா?"

"பின்ன? எங்கயாவது கோட்டைத் தாண்டியிருக்கா பாரு."

"தாண்டல. எலும்புக்குப் பச்சைதானேப்பா?"

"பச்சைதான்."

"இது சிவப்பு."

மாஸ்டர் முகத்தை மாற்றாமல், "முகத்தைக் கழுவிட்டு வந்து பாரு," என்று சிரித்துவைத்தார்.

அவள் சிரிக்கவில்லை. பென்சில் பெட்டியை எடுத்து வந்தாள். இரண்டு பென்சிலை உருவி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதுல எது பச்சை?"

அவர் கண்ணுக்கு இரண்டும் காய்ந்த இலை. ஒன்று கொஞ்சம் அதிகமாகக் காய்ந்தது, அவ்வளவுதான். பேர் அச்சடித்திருக்கிற முனையைத் தேடினார். சீவிச் சீவி இரண்டிலும் பேர் போய்விட்டிருந்தது.

"மூணாவது குழியில இருக்கிறதுதான் பச்சை," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"குழியா? பெட்டியை நான் மாத்தி அடுக்கினேனே. வந்த அன்னிக்கே. வெளிர் கலர்லேருந்து அடர்த்தியான கலர் வரைக்கும் வரிசையா."

"எது எங்க இருக்கோ அது அங்கயே இருக்கணும்னு உனக்கு எத்தனை தடவை..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றுபோனது.

வாத்தியாரம்மா இரண்டு பென்சிலையும் கீழே இறக்கினாள்.

"அப்பா, உங்களுக்குக் கலர்..."

"தெரியாது," என்றார் மாஸ்டர். "பச்சையும் சிவப்பும் தெரியாது. பழுப்பும் அப்படித்தான்."

பத்தொன்பது வயதில் ஓர் அச்சகத்தில் வேலைக்குப் போனார். புள்ளி புள்ளியாக வட்டம் போட்ட புத்தகத்தை நீட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்றார்கள். அவருக்குப் புள்ளிதான் தெரிந்தது. பத்தே நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். பின்னால் இருந்த யாரோ சிரித்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. வீட்டில் போய், இடம் காலி இல்லையாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். பட்டறையில் பாலிஷ் டப்பா மூடிகளில் உளியால் வெட்டு போட்டு வைத்திருக்கிறார். ஒரு வெட்டு தேக்கு, இரண்டு வெட்டு கருப்பு, மூன்று வெட்டு செம்மரம். ஏன் மாஸ்டர் என்று கேட்டால், இருட்டில் தடவிப் பார்த்தே எடுக்கலாம் என்பார். இருபத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கும் சொன்னதில்லை. எந்தப் புருஷன்தான் எனக்கு இது வராது என்று தானாகப் போய்ச் சொல்வான்.

"அம்மா இதைத்தான் பத்து நாளாப் படிச்சிருக்கு," என்றாள் மகள் மெதுவாக.

மாஸ்டர் தாளைப் பார்த்தார். உளியையும் சுத்தியலையும் வயிற்றுத் தட்டில் வைக்கிற அளவுக்கு யாரும் முட்டாள் இல்லை. அரம், ரம்பமும் தப்பித்துவிடும். மீதி எட்டு? எட்டும் இடுக்கியும் கொக்கியும். வயிற்றுத் தட்டில் இருப்பதும் இடுக்கியும் கொக்கியும்தான். சிவப்பு என்று மனதில் பதிந்திருந்தால் எட்டும் நேராக வயிற்றுக்குப் போய்விடும். மூன்று தப்புக்குத்தான் இடம்.

போன் அடித்தார்கள். அது சலவைப் பகுதி லாக்கரில் பூட்டிக் கிடந்து அடித்து ஓய்ந்தது.

"பெட்டியை நான் தொட்டிருக்கக் கூடாதுப்பா."

"நீ அடுக்கினதுல தப்பு இல்ல. நான் கேக்காம விட்டதுதான் தப்பு. வண்டிச் சாவி எங்க?"

பதற்றத்திலும் தாளைக் கிழிக்க அவருக்கு மனசு வரவில்லை. மரத்துக்கு மக்கு பூசுகிற தகட்டை வைத்துப் பன்னிரண்டையும் ஓரம் பிசகாமல் உரித்துப் பைக்குள் வைத்தார்.

வண்டி கிளம்பி முதல் சிக்னலில் நின்றதும் பின்னாலிருந்து மகள் அவர் தோளைப் பிடித்தாள்.

"அப்பா, சிக்னல் எப்படிப்பா பாப்பீங்க?"

"மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ. ஒரு நாள் தாண்டினது இல்ல."

அதற்குப் பிறகு தோளில் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பத்து இருபத்தைந்து. ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தான் என்று காவலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"சலவைப் பகுதிக்கு எப்படிப் போகணும் சார்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ரொம்ப ஈஸி. தரையில ரெண்டு கோடு போகும். பச்சைக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே நேரா போங்க. சிவப்புல போயிடாதீங்க, அது ஆபரேஷன் பக்கம்."

மகள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற கூட்டம் மாஸ்டரை உள்ளே தள்ளிவிட்டது.

இரண்டு கோடும் பளபளவென்று பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒரு தூண் வரைக்கும் பிரச்சினை இல்லை. தூணில் ஒன்று இடது பக்கம் போனது, இன்னொன்று வலது பக்கம் போனது. மாஸ்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். ஆண்டவன் விட்ட வழி என்று இடது பக்கம் நடந்தார். இரண்டு திருப்பம், ஒரு சரிவு, கடைசியில் சாத்தியிருந்த இரட்டைக் கதவு. பெஞ்சில் கவலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் இவரையும் தங்களில் ஒருவர் என்று நினைத்து இடம் விட்டு நகர்ந்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. திரும்பிப் போகவும் எந்தக் கோடு என்று தெரிய வேண்டுமே. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் வந்தார். மாஸ்டர் அவர் குறுக்கே போய் நின்றார்.

"தம்பி, சலவைப் பகுதி."

"பச்சைக் கோடு சார்."

மாஸ்டர் தரையைக் காட்டினார்.

"எனக்குப் பச்சை எது சிவப்பு எதுன்னு தெரியாது. கண்ணு அப்படி. கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?"

முப்பது வருஷமாக மூடி வைத்ததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் கொட்டியாகிவிட்டது. அந்த ஆள் சிரிப்பார் என்று காத்திருந்தார்.

"அதுக்கென்ன, வாங்க. நானும் அந்தப் பக்கம்தான் போறேன். இந்த நாற்காலியில ஒரு சக்கரம் இழுக்குது, நீங்க அந்தப் பக்கம் பிடிச்சுக்கிறீங்களா?"

அவ்வளவுதான். முப்பது வருஷத்து ரகசியத்துக்கு அந்த மனுஷன் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். மாஸ்டருக்கு அந்த அவசரத்திலும் உடம்பு லேசாக இருந்தது.

சலவைப் பகுதிக்கு அடுத்ததே கருவி அறை; அதற்கு வெளியே நடைபாதையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்பது பேரில் இவள் ஏழாவது. ஈரம் காயாத கையை மடியில் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"என்னங்க? பாப்பாவுக்கு ஏதாவது?"

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதே." பையிலிருந்து தாள்களை எடுத்தார். "இந்தப் பன்னிரண்டும் பச்சை இல்லம்மா. சிவப்பாம். நான் தப்பா அடிச்சிட்டேன். எனக்குக் கலர் தெரியாது. சின்ன வயசுலேருந்தே தெரியாது. உன்கிட்ட மறைச்சிட்டேன். எட்டு இடுக்கி இருக்கு, எல்லாத்தையும் எலும்புத் தட்டுல வை. சிவப்புன்னு ஞாபகம் வந்தா நம்பாதே. என்னால நீ தோத்துடக் கூடாது."

மூச்சு வாங்கியது அவருக்கு. அவள் தாள்களை வாங்கிக்கொண்டாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"ம்."

"எனக்குத் தெரியுங்க."

"எது தெரியும்?"

"எல்லாந்தான். கல்யாணம் ஆன புதுசுல சிவப்புக் குடை வேணும்னு கேட்டேன், ஞாபகம் இருக்கா? வாங்கிட்டு வந்து, எப்படிச் செக்கச் செவேல்னு இருக்கு பாருன்னு நீட்டினீங்க. பச்சைக் குடை. ஆறு வருஷம் பிடிச்சேன்."

மாஸ்டர் திருதிருவென்று முழித்தார்.

"ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம் பழகிப்போச்சு. உங்க அலமாரியில ஒரு சட்டையாவது தப்பா ஜோடி சேர்ந்து தொங்கியிருக்கா? யாரு அடுக்கினான்னு நினைச்சீங்க?"

"அப்போ இந்தத் தாளையும்..."

"பாத்த உடனே தெரிஞ்சுது. அழிச்சிட்டு வேற அடிக்கலாம்னு பென்சிலைக்கூட எடுத்தேன். நாக்கைத் துருத்திக்கிட்டு மூணு நாள் உக்காந்து அடிச்சீங்களே, கை வரல." அவள் ஒரு தாளை எடுத்து விரலால் தடவினாள். "பாருங்க, நான் அடிச்ச சிவப்பு கோட்டைத் தாண்டி வழியும். நீங்க அடிச்ச சிவப்பு ஒரு நூல் வெளியே வராது. வழிஞ்சா வயிறு, வழியலைன்னா எலும்பு. அப்படித்தான் படிச்சேன். நிஜத்தைச் சொல்லணும்னா, மத்ததெல்லாம் அப்பப்போ நழுவுதுங்க. இந்தப் பன்னிரண்டு மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

ஆறு பேர் போய் வந்து, மணி ஒன்றை நெருங்கும்போது உள்ளேயிருந்து அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, தாளை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. மாஸ்டர் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். மேஜை முழுக்கக் கருவிகள் குவிந்து மின்னின. கருவி அறை மேடம் கையில் கடிகாரத்தோடு ஓரமாக நின்றார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு நொடி பார்த்து, உதட்டை அசைத்து, தட்டில் வைத்தாள். கொக்கு என்கிறாள், முதலை என்கிறாள் என்று உதட்டை வைத்தே இவருக்குத் தெரிந்தது.

பாதியில் ஒரு பெரிய இடுக்கி கைக்கு வந்தது. நண்டு. அவர் வரைந்த நண்டு. வயிற்றுத் தட்டு கைக்குப் பக்கத்தில் இருந்தது, எலும்புத் தட்டு மேஜையின் அந்தக் கோடியில். அவள் கை நின்றது. அவள் தலையை லேசாகக் கதவுப் பக்கம் திருப்பினாள், உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. நாலு எட்டு நடந்துபோய் நண்டை எலும்புத் தட்டில் வைத்தாள்.

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடி மங்கலாகிவிட்டதால் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க வேண்டியது அதை இல்லை என்று பக்கத்திலிருந்த எட்டாம் நம்பர் அம்மாளுக்குத் தெரிந்தது, சொல்லவில்லை.

பதினாலு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். மற்ற இரண்டு பேரும் முடிக்கும் வரை காத்திருந்து, எல்லோரையும் உள்ளே அழைத்து மேடம் யாருக்கு எத்தனை சரி என்று படித்தார். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து ஐந்து, நாற்பத்து எட்டு. ஏழாம் எண்ணுக்கு வந்ததும் தாளிலிருந்து கண்ணை எடுத்து ஆளைப் பார்த்தார்.

"ஐம்பத்தொன்பது. செவ்வாய்க்கிழமை வந்து உத்தரவு வாங்கிக்கங்க. திங்கள்லேருந்து மூட்டை தூக்க வேண்டாம்னு நானே சொல்லிடறேன்."

அவள் இடது தோளை ஒரு தடவை பிடித்து விட்டுக்கொண்டாள்.

"தப்பு எது மேடம்?" என்று கேட்டாள் பிறகு.

"கண்ணுக்குப் போக வேண்டிய சின்ன இடுக்கி தொண்டைக்குப் போயிடுச்சு."

"குட்டைக் கொக்கு," என்று தலையில் தட்டிக்கொண்டாள். "காலையில செருப்பு மாட்டும்போதுகூடச் சொன்னேன்." கதவோரம் நின்ற புருஷனைப் பார்த்தாள். "உங்களோட பன்னிரண்டும் சரிங்க. தப்பானது நான் அடிச்சது."

எப்படிப் படித்தாய் என்று மேடம் கேட்க, புருஷனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். "இவர்தான் வரைஞ்சு கொடுத்தார். எங்க வீட்டுக்காரர். தச்சர்." அந்த மூன்று வாக்கியத்தையும் அவள் சொன்ன தோரணைக்கு, மாஸ்டர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

மேடம் தாள்களைப் புரட்டினார். "கோடு அச்சு மாதிரி இருக்கே. ஆனா எலும்புக்குப் பச்சை இல்ல வரணும்?"

"எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணுதான் மேடம்," என்றார் மாஸ்டர். அன்றைக்குள் நாலாவது தடவை. இப்போது நாக்கு தடுக்கவே இல்லை.

"அறையில மொத்தம் முந்நூறு கருவி இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு இது மாதிரி வரைஞ்சு சுவர்ல ஒட்டினா எவ்வளவு நல்லா இருக்கும். இதை வெச்சுக்கலாமா?"

"முந்நூறும் வரைஞ்சு தரச் சொல்றேன் மேடம்," என்று முந்திக்கொண்டாள் அவள். "இந்தப் பன்னிரண்டை மட்டும் தர மாட்டேன்."

வெளியே வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற மகளிடம் ஐம்பத்தொன்பது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சீக்கிரம் விடவில்லை. சந்தோஷத்துக்கு மேல் அதில் வேறு ஏதோ இருந்தது.

வீட்டுக்கு வந்து, அலமாரிக் கதவில் பன்னிரண்டு தாளையும் மறுபடி ஒட்டி முடித்தபோது மணி மூன்று. மாஸ்டர் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். பின்னால் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு நாளாகத் திறக்காத பை.

வாத்தியாரம்மா தடிமனான ஒரு புத்தகத்தையும் மடித்த ஒரு கடிதத்தையும் கட்டிலில் வைத்தாள்.

"லீவு எல்லாம் இல்லப்பா. எலும்புப் பாடத்துல ரெண்டு தடவை ஃபெயில். மூணு வாரத்துல கடைசித் தேர்வு. அதுலயும் போச்சுன்னா படிப்பை நிறுத்திடுவாங்க. எனக்கு மனப்பாடம் நிக்கவே மாட்டேங்குதும்மா." அம்மாவின் கையைப் பிடித்தாள். "சின்னப் புள்ளைங்க மாதிரின்னு உன்னைச் சொன்னேன்ல. எனக்கும் வரைஞ்சு தருவியா?"

அம்மா கடிதத்தை மெதுவாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். திட்டு வரும் என்று மகள் தலையைக் குனிந்தாள்.

"மொத்தம் எத்தனை எலும்பு?"

"இருநூத்தி ஆறு."

"நான் முந்நூறுக்கு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். போய்ப் பென்சில் பெட்டியை எடுத்துட்டு வா."

மாஸ்டர் அதற்குள் காதோரம் செருகியிருந்த பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். புத்தகத்தைத் திறந்து முதல் எலும்பைப் பார்த்தார். சின்ன வயதில் கலர் சொல்லத் தெரியாமல் வெளியே அனுப்பப்பட்ட மனுஷன், பெட்டியிலிருந்து ஒரு பென்சிலை உருவி, கூச்சமே இல்லாமல் பொண்டாட்டியிடமும் மகளிடமும் நீட்டினார்.

"எலும்புன்னா நம்ம பக்கம். சொல்லுங்க, இது பச்சையா?"

"சிவப்புப்பா," என்றாள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அதையே அடிங்க," என்றாள் அம்மா. "அப்பதான் அவளுக்கு மறக்காது."